அலுமினியம் இருந்தும் கிரெய்ன் பெருப்பது ஏன்?

கார்பரைசிங் (சூட்டில் ஸ்டீலின் மேற்பரப்பில் கார்பன் ஏற்றுவது) முடிந்த கியரை உடைத்தால் உடைந்த முகம் சில சமயம் சர்க்கரைப் பரல்போல் மின்னும். கிரெய்ன், அதாவது ஸ்டீலுக்குள் இருக்கும் படிகமணி, பெருத்துவிட்டதன் அடையாளம் அது. ஸ்டீல் ஆலை தரும் மில் சர்டிபிகேட்டில், கிரெய்ன் பெருக்காமலிருக்கச் சேர்க்கும் அலுமினியம் 0.025% என்று சரியாகத்தான் இருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்புவதில்தான் சிக்கலே.

கிரெய்ன் எல்லையை நகரவிடாமல் பிடிப்பது கரைந்து கிடக்கும் அலுமினியம் அல்ல. நைட்ரஜனோடு சேர்ந்து அது உண்டாக்கும் அலுமினியம் நைட்ரைடு நுண்துகள்கள். நைட்ரஜன் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) மட்டுமே இருந்தால், அலுமினியத்தை எவ்வளவு ஏற்றினாலும் துகள்கள் அதிகம் உருவாகாது. ஆகவே சர்டிபிகேட்டில் நைட்ரஜனையும் கேட்டு வாங்குங்கள். கார்பரைசிங் ஸ்டீலுக்கு 80 முதல் 120 பிபிஎம் வரை இருந்தால் நல்லது.

930 டிகிரி செல்சியஸில் இந்தத் துகள்கள் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். நேரத்தை மிச்சப்படுத்த 980, 1000 என்று ஏற்றும்போது கொஞ்சம் கரையும், மிச்சம் ஒன்றுசேர்ந்து பருத்துவிடும். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இது நடக்காது. பிடி முதலில் விட்ட இடத்தில் ஒரு கிரெய்ன் அக்கம்பக்கத்தை விழுங்கி வளர்கிறது. 8-ஆம் நம்பர் கிரெய்ன்களுக்கு நடுவே 3-ஆம் நம்பர் (நம்பர் குறையக் குறைய கிரெய்ன் பெரியது). சராசரி எடுத்தால் பாஸ் ஆகிவிடும். குவென்ச்சில் (சூட்டிலிருந்து சட்டெனக் குளிர்விப்பதில்) வளைவதும் கியர் பல்லின் அடியில் விரிசல் விடுவதும் அந்தப் பெரிய கிரெய்ன்களால்தான். ரிப்போர்ட்டில் மிகப் பெரிய கிரெய்னைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

வெப்பத்தை ஏற்றியே ஆக வேண்டுமானால் நியோபியம் 0.03–0.05% சேர்த்த ஸ்டீல் கேளுங்கள். வனேடியத்தை இதற்கு நம்ப வேண்டாம், 0.1% போட்டாலும் அதன் துகள் சுமார் 1000 டிகிரிக்குள் கரைந்துவிடும். டைட்டானியம் நைட்ரைடு 1300 டிகிரி தாண்டியும் நிற்கும். வெல்டிங் பிளேட்டுகளில் 0.01–0.02% டைட்டானியம் சேர்ப்பது அதனால்தான். ஆனால் கியரிலும் பேரிங்கிலும் அது ஆபத்து. உருகிய நிலையிலேயே உருவாகும் டைட்டானியம் நைட்ரைடு, மைக்ராஸ்கோப்பில் ஆரஞ்சு நிறச் சதுரங்களாகத் தெரியும். அவற்றின் கூர்மூலைகளில் ஃபெட்டீக் விரிசல் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விழும் விரிசல்) தொடங்கும். நிக்கல், சிலிக்கான் இரண்டும் இந்த வேலைக்கு உதவாது.

கோல்டு ஃபோர்ஜிங் (சூடாக்காமல் அழுத்தி வடிவமைப்பது) செய்த பாகத்தை நேராகக் கார்பரைசிங்குக்கு அனுப்பினால் 930 டிகிரியிலேயே கிரெய்ன் தாறுமாறாக வளரலாம். இடையில் நார்மலைசிங் (சூடாக்கிக் காற்றில் ஆறவிடுவது) செய்யுங்கள்.

வெப்பத்தை மாற்றுமுன் அதே ஹீட் நம்பரில் (ஒரே உருக்கில் வந்த ஸ்டீலின் எண்), அதே முன்நிலையில் (ஃபோர்ஜிங், நார்மலைசிங் எல்லாம் பாகத்தைப் போலவே) உள்ள துண்டை எடுங்கள். திட்டமிட்ட வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதலாக, கார்பரைசிங் சுழற்சியின் முழு நேரமும் வையுங்கள். ஒரு மணி நேரச் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் துகள் பருக்க நேரம் பிடிக்கும். நேரே குவென்ச் செய்து, பாலிஷ் போட்டு, டிடர்ஜென்ட் கலந்த பிக்ரிக் அமிலக் கரைசலில் எட்ச் செய்தால் (லேசாக அரிக்கவிட்டால்) பழைய ஆஸ்டினைட் எல்லைகள், அதாவது சூட்டில் இருந்தபோதைய கிரெய்ன் எல்லைகள், தெரியும். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும்; புட்டியில் எப்போதும் ஈரம் இருக்கட்டும். மைக்ராஸ்கோப்பின் ஒரே ஒரு பார்வைப் புலத்தில் பெரிய கிரெய்ன் தென்பட்டாலும் அந்த ஹீட்டை 930-லேயே ஓட்டுங்கள்.