சிஏ 19-9 எதை அளக்கிறது?

கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் சிலர், நோய்க்குறி எதுவும் இல்லாமலே தனியார் ஆய்வுகூடத்தில் 'கான்சர் டெஸ்ட்' என்று சிஏ 19-9 என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். அளவு (மில்லிலீற்றருக்கு) 37 அலகைத் தாண்டியிருந்தால் பயம், குறைவாக இருந்தால் நிம்மதி. இரண்டுமே அவசர முடிவுகள்.

நம் கலங்களின் மேற்பரப்பிலுள்ள பெரும்பாலான புரதங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். கலம் புற்றாக மாறும்போது, இவற்றைக் கட்டும் நொதியங்களின் வேலையும் தடம் மாறுகிறது. சில சங்கிலிகள் பாதியில் நின்றுவிடும், சில மிதமிஞ்சிக் கிளைவிடும். பக்கத்துக் கலத்தைப் பிடித்துவைக்கும் ஈ-கெடெரின் என்ற புரதத்தில் அப்படிக் கிளைகள் கூடினால் பிடி தளர்ந்து, கலம் கழன்றுபோக வழி கிடைக்கிறது. நுனிகளில் சியாலிக் அமிலம் கூடினால், நோயெதிர்ப்புக் கலங்களின் தாக்குதலும் மந்தமாகிறது.

அப்புறம் இரத்தத்துக்குள் போன கலம் எங்காவது தங்க வேண்டுமே! வெண்குழியங்கள் இரத்தக்குழாயை விட்டு வெளியேறுமுன் அதன் சுவரிலுள்ள ஈ-செலக்டின் என்ற புரதத்தில் ஒட்டும். அதே செலக்டினைப் பற்றிக்கொள்ளும் சியாலில் லூயிஸ் ஏ என்ற சர்க்கரை சில புற்றுக்கலங்களிடம் நிறைய உண்டு. புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவ இது ஒரு வழி. சிஏ 19-9 பரிசோதனை இரத்தத்தில் அளப்பது இந்தச் சர்க்கரையைத்தான்.

ஆனால் சாதாரண பித்தக்குழாய், கணையக் கலங்களும் இதைக் கொஞ்சம் உருவாக்குகின்றன. பித்தக்கல் அடைத்தாலே அளவு ஏறலாம். மறுபக்கம், நூற்றில் 5 முதல் 10 பேருக்குப் பிறப்பிலேயே இதைக் கட்டும் நொதியம் வேலை செய்யாது. அவர்களுக்குக் கணையப் புற்றுநோய் இருந்தாலும் ரிப்போர்ட் நல்லதாகவே காட்டக்கூடும். அதனால் நோய்க்குறி இல்லாதவர்கள் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

சர்க்கரை என்றதைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணியில் சீனியை நிறுத்துகிறவர்களும் உண்டு. சலரோகம் இருந்தால் நிறுத்துங்கள், சரி. ஆனால் இந்தச் சங்கிலிகளைக் கலம் தானே கட்டிக்கொள்கிறது. சீனியை விடுவதால் அவை மாறாது.

கண் மஞ்சளாவது, மலம் வெளிறுவது, காரணமில்லாமல் மெலிவது, ஐம்பது தாண்டிய வயதில் திடீரென்று சலரோகம் வருவது: இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்கெனவே மட்டக்களப்பிலோ மகரகமவிலோ கணையப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க இந்தப் பரிசோதனை உண்மையிலேயே உதவும். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள், கூடம் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. பழைய ரிப்போர்ட்டுகளைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள்.