இரும்புக் கதவில் கிரைண்டரை வைப்பதற்கு முன்

"வாசல் கதவு தரையில் உரசுகிறது. கீழே அரை அங்குலம் எடுத்துவிட்டால் சரியாகிவிடும்தானே?" ஸ்டீல் கதவு பொருத்தும் தொழிலில் இருப்பவர்களை இந்தக் கேள்வி விடாது. கேட்பவர் பெரும்பாலும் எங்கிருந்தோ இரும்பு அறுக்கும் கிரைண்டர் ஒன்றை இரவல் வாங்கி வைத்துக்கொண்டுதான் கேட்பார். அவரிடம் நான் முதலில் கேட்பது: எப்போது உரசுகிறது? நாள் முழுவதுமா, வெயில் ஏறிய பிறகா?

வெயிலில் மட்டும் இறுகும் கதவை வெட்டவே கூடாது. எஃகு சூட்டில் நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2 மீட்டர் உயரக் கதவு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினாலும் 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நீளும். தொல்லை தருவது வளைவு. வெளித்தகடு வெயிலில் காய்கிறது, உள்தகடு நிழலில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே அடைத்திருக்கும் ஃபோம் சூட்டை அவ்வளவாகக் கடத்துவதில்லை. வெளித்தகடு மட்டும் நீளும்போது கதவின் நடுப்பகுதி வெளியே புடைத்து, மேல் மூலையும் கீழ் மூலையும் உள்பக்கம் சாய்கின்றன. பூட்டின் நாக்கு துளைக்குள் சிக்கிக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் கதவு பழையபடி ஆகிவிடும். அடர்நிறப் பெயின்ட் பூசிய கதவில் இது அதிகம். வெளிர்நிறம் பூசுவதும் நிலையில் உள்ள பூட்டுத் தகட்டைச் சற்று நகர்த்துவதும்தான் இதற்கு வழி.

நாள் முழுவதும் உரசினால் கீலைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்க விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்கினால் ஆட்டம் தெரியும். மூடிய கதவுக்கும் நிலையின் மேல்சட்டத்துக்கும் உள்ள இடைவெளி கீல் பக்கம் குறுகியும் பூட்டுப் பக்கம் அகன்றும் இருந்தால் கதவு தொங்குகிறது என்று பொருள். மேல் கீலின் திருகாணிகளை இறுக்கினாலோ, அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு நிலையைத் தாண்டிச் சுவர்வரை பிடிக்கும் நீளமான ஒன்றைப் போட்டாலோ வேலை முடிந்துவிடும். இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பலருக்கு இவ்வளவுதான் தேவைப்படுகிறது. மூடும்போது சரியாக இருந்து, திறக்கும்போது மட்டும் தரை தட்டினால் உள்தளம் மேடாக இருக்கிறது. அதற்காக அடியை வெட்டினால் மூடியிருக்கும்போது மழைநீரும் பூச்சியும் உள்ளே வர நாமே வழி விட்டதாகும். திறக்கத் திறக்கக் கதவை மேலே தூக்கும் வகைக் கீல்கள் கிடைக்கின்றன. மேலே இடைவெளி இருந்தால் அவற்றைப் போடலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வெட்டத்தான் வேண்டும் என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் தொடாதீர்கள். வெளியே பார்க்கக் கனத்த இரும்பாகத் தெரிந்தாலும், வீட்டுக் கதவின் தகடு பெரும்பாலும் 0.6 முதல் 1 மில்லிமீட்டர் தடிமன்தான். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஃபோமோ, தேன்கூடு போன்ற அட்டையோ இருக்கும். கதவுக்கு விறைப்பு தருவது இந்த ஒட்டுதலும், விளிம்பைச் சுற்றி ஓடும் மரச்சட்டமோ இரும்புச் சேனலோதான். அடிச்சட்டத்தின் உயரத்துக்குள் வெட்டினால் பிழைத்தீர்கள். அதைத் தாண்டினால் தகடுகள் இரண்டும் வாய் பிளந்து நிற்கும்.

பூட்டுப் பக்க விளிம்பில் மேலிருந்து கீழ்வரை நீண்ட உலோகப் பட்டை ஓடுகிறதா? அப்படியானால் அது பல இடங்களில் பூட்டிக்கொள்ளும் வகை. அதன் கம்பி கதவின் அடிவரை இறங்கியிருக்கக்கூடும். அதை அறுத்துவிட்டால் பூட்டே போய்விடும். கீல் பக்க விளிம்பிலோ மேல் விளிம்பிலோ தீத்தடுப்புச் சான்றுத் தகடு இருந்தால் அந்தக் கதவை வீட்டில் வெட்டும் பேச்சே வேண்டாம். அந்தச் சான்று செல்லாமல் போகும். அதிலும் பல பத்தாண்டுப் பழைய தீத்தடுப்புக் கதவுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய்விட்டால் வெளியேற்ற வழியில்லை.

இனி கிரைண்டர். ஃபோம் அடைத்த கதவுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. உலோகம் அறுக்கும் கார்பைடு பிளேடு போட்ட வட்ட ரம்பம் பொறி குறைவாகவும் நேராகவும் வெட்டும். கிரைண்டர் கக்கும் பொறிகள் வெட்டின் வழியாக உள்ளே போய் ஃபோமில் தங்கும். வெளியே எதுவும் தெரியாது. வேலை முடித்து, தேநீர் குடித்துவிட்டு வரும்போது விளிம்பிலிருந்து மெல்லிய புகை கிளம்பும். பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுக்கள் வெளியேறும். ஆகவே எந்த ரம்பமானாலும் திறந்தவெளியில் வெட்டுங்கள், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், வெட்டிய கதவை உடனே வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

கிரைண்டரில் மாட்டும் 100 மில்லிமீட்டர் வெட்டு டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. டிஸ்க்கின் நடு வளையத்தில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அது காலாவதி தேதி. ரெசினால் இறுகிய டிஸ்க் ஈரம் குடித்தால் பலம் இழக்கும். குளியலறைப் பரணில் வருடக்கணக்கில் கிடந்ததை எடுத்து மாட்டாதீர்கள். "கை நுழையவில்லை" என்று பாதுகாப்பு மூடியைக் கழற்றுவதும், மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதும் பட்டறைகளிலேயே நான் கண்டிக்கும் வேலைகள். வெட்டி விழவேண்டிய துண்டுக்கும் அடியில் தாங்கல் கொடுங்கள். இல்லையென்றால் அது தொங்கி, டிஸ்க்கை நெரித்து, கிரைண்டர் உங்கள் பக்கம் எகிறும்.

பார்வைக்கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள், பொறி பக்கவாட்டில் வரும். கண்ணை மூடிப் பொருந்தும் காகிள்ஸ் அணிந்து, அதன்மேல் முகக்கவசமும் போடுங்கள். தப்பித்தவறி கண்ணில் தூள் விழுந்தால் தேய்க்காதீர்கள். துணி முனையாலோ காந்தத்தாலோ எடுத்துத் தருகிறேன் என்று யாராவது முன்வருவார்கள், விடாதீர்கள். இரும்புத் துகள் கருவிழியில் சில மணி நேரத்திலேயே துரு வளையம் உண்டாக்கும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் கதவின் முகத்தைத் துணியாலும் டேப்பாலும் மூடுங்கள். பெயின்டில் ஒட்டிய இரும்புப் பொடி அடுத்த சில நாட்களில் பழுப்புப் புள்ளிகளாகப் பூக்கும், கழுவினால் போகாது. வெட்டிய விளிம்பு கத்திக்குச் சமம். முதலில் அரம் போட்டு மழுக்குங்கள். வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு இல்லாததால் துரு அங்கேதான் தொடங்கும். துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, காய்ந்த பின் பெயின்ட் பூசுங்கள். அடி திறந்துகொண்டிருந்தால் ஃபோமைச் சுரண்டி உள்ளே தள்ளி, பதப்படுத்திய மரச்சட்டத்தைப் பசையோடு செருகி ரிவெட் அடிக்கலாம். வெல்டிங் வைக்க ஆசைப்பட வேண்டாம். பக்கத்திலேயே ஃபோம் இருக்கிறது. துத்தநாகப் பூச்சுத் தகட்டின் புகை காய்ச்சலையும் கொண்டுவரும்.

அகலத்தைக் குறைக்கலாமா என்று கேட்டால் என் பதில் ஒன்றே: முடியாது. ஒரு விளிம்பில் கீல்களுக்கான வலுத்தகடு, மறு விளிம்பில் பூட்டுக்கான கட்டை, அங்கிருந்து துளை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்ற கணக்கு. எந்தப் பக்கம் எடுத்தாலும் ஒன்று போகும். அங்கே மாற்ற வேண்டியது நிலை. அதுவும் முடியாவிட்டால், வாசலை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, அவற்றில் சிறிய அளவைக் கொடுத்து வேறு கதவு செய்யச் சொல்லுங்கள்.