கழுத்துக் கட்டியை அறுக்கும் முன்

கழுத்தின் நடுவே வலியில்லாத சிறு கட்டி. நீர்க்கட்டி என்று முடிவுசெய்து அகற்றிவிடுகிறார்கள். அடுத்த சில வாரங்களில் சோர்வு, முகவீக்கம், குளிர் தாங்காமை. அகற்றியது அவருக்கு இருந்த ஒரே தைராய்டு சுரப்பி என்பது அப்போதுதான் தெரியவருகிறது. ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

தைராய்டு பிறக்கும் இடம் கழுத்து இல்லை, நாக்கின் அடிப்பகுதி. கருவின் நான்காம் வாரத்தில் அங்கே தோன்றி, மெல்ல இறங்கி, ஏழாம் வாரவாக்கில் குரல்வளைக்குக் கீழே வந்து சேர்கிறது. வழியில் நின்றுவிட்டால், நின்ற இடத்திலேயே வேலை செய்யும். இப்படி இடம் மாறிய தைராய்டுகளில் சுமார் 90 சதவீதம் நாக்கின் அடியிலேயே தங்கியவை. அவர்களில் பெரும்பாலோருக்குக் கழுத்தில் வேறு தைராய்டு இருக்காது.

இந்தத் திசு பெரும்பாலும் போதிய ஹார்மோனைச் சுரப்பதில்லை. பற்றாக்குறையை உணரும் பிட்யூட்டரி சுரப்பி (மூளையின் அடியில் இருப்பது) தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூட்டுகிறது, அதன் தூண்டுதலில் திசு பருக்கிறது. பருவமடையும்போதும் கர்ப்பகாலத்திலும் தேவை கூடுவதால், விழுங்கச் சிரமம், குரல் மாற்றம் போன்ற தொல்லைகள் அப்போதுதான் தலைகாட்டும்.

ரத்தப் பரிசோதனை சுரப்பின் அளவைச் சொல்லும். தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும். கதிர்வீச்சு இல்லாத, எளிய சோதனை இது. நடுக்கழுத்துக் கட்டி எதுவானாலும் முதலில் இதைச் செய்தாக வேண்டும் என்பேன். அங்கே காணவில்லையென்றால், டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேன். தைராய்டு செல்கள் அயோடினைப் போலவே இதையும் இழுத்துக்கொள்ளும். செயல்படும் திசு எங்கே ஒளிந்திருந்தாலும், அந்தக் கதிர்களைப் படமாக்கும் காமா கேமராவில் தெரியும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இதை ஈர்ப்பதால் படத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கழுத்தின் பக்கவாட்டில் தைராய்டு திசு இருந்தால் கதை வேறு. அது தைராய்டு புற்றுநோய் நிணநீர் முடிச்சுக்குப் பரவியதாக இருக்கலாம். அதை முதலில் சந்தேகித்து, ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை பலருக்கு லெவோதைராக்சின் என்னும் தைராய்டு ஹார்மோன் மாத்திரையோடு முடிந்துவிடும். டி.எஸ்.எச். குறைய, திசுவும் மெல்லச் சுருங்கும். மூச்சு அடைத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, புற்றுநோய் ஐயம் எழுந்தாலோதான் அறுவை சிகிச்சை. அதற்கு உடல் தாங்காதவர்களுக்குக் கதிரியக்க அயோடின். இருந்த ஒரே தைராய்டும் போய்விட்டால், வாழ்நாள் முழுக்க மாத்திரை எடுக்க வேண்டும். அளவை மாற்றும்போதெல்லாம் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்ப்பது கட்டாயம்.