மின்னஞ்சலில் லிங்க் திறக்கவில்லையா? கோளாறைவிட வைத்தியம் ஆபத்தானது

வரி ஆலோசகர் அலுவலகங்கள், சிறு ஏற்றுமதி நிறுவனங்கள், பள்ளி அலுவலகங்கள் ஆகியவற்றின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். "மெயிலில் வரும் லிங்கை அழுத்தினால் ஒன்றும் திறக்கவில்லை" என்ற அழைப்பு எனக்கு அடிக்கடி வரும். கோளாறு பெரும்பாலும் சிறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள், இணையத்தில் கண்டதையெல்லாம் பதிவிறக்கிப் பார்த்திருப்பார்கள். என் கவலை அதில்தான் இருக்கிறது.

விண்டோஸ் கணினியில் அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இந்தக் கோளாறு ஓர் ஆங்கிலப் பெட்டியாகத் தோன்றும். இந்தக் கணினியில் உள்ள கட்டுப்பாடுகளால் இந்தச் செயல் ரத்து செய்யப்பட்டது, நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்று அதில் இருக்கும். ஐந்து பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நிர்வாகி என்று தனியாக யார் இருக்கிறார்கள்? யாரோ கணினியைப் பூட்டிவிட்டார்கள், வைரஸ் புகுந்துவிட்டது என்று பயம் வந்துவிடுகிறது. பெரும்பாலான சமயங்களில் இரண்டுமே இல்லை.

அவுட்லுக்குக்கு இணையப் பக்கத்தைத் திறக்கத் தெரியாது. லிங்கை அழுத்தியதும், இதைத் திறக்கும் பொறுப்பு யாருடையது என்று அது விண்டோஸிடம் கேட்கும். விண்டோஸ் தன் பதிவேட்டைப் பார்த்து, குரோம் என்றோ எட்ஜ் என்றோ ஒரு பிரவுசரின் பெயரைப் பதிலாகச் சொல்லும். குரோமை ஒருவர் நீக்கிவிட்டால், சில சமயம் பதிவேட்டில் அதன் பெயர் மட்டும் அழியாமல் நின்றுவிடுகிறது. வேலையை விட்டுப் போனவரின் பெயர்ப்பலகை மேசைமேல் அப்படியே இருப்பதுபோல. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாததால், அவுட்லுக் அந்தக் கட்டுப்பாட்டுச் செய்தியைக் காட்டிவிடுகிறது. அந்தச் செய்தியின் வாசகம்தான் ஆளைத் திசைதிருப்புகிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். அனுப்பியவர் நீங்கள் அறிந்தவர், எதிர்பார்த்த மெயில் என்றால், லிங்கின்மேல் வலது கிளிக் செய்து நகலெடுத்து, பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஒட்டிப் பாருங்கள். பக்கம் திறந்தால் லிங்கில் பழுதில்லை. மெயிலுக்கும் பிரவுசருக்கும் நடுவில்தான் பழுது. அங்கேயும் திறக்காவிட்டால் லிங்க் காலாவதியாகியிருக்கலாம், அல்லது அந்தத் தளமே அப்போது முடங்கியிருக்கலாம். கடவுச்சொல்லை மாற்ற வரும் லிங்குகள் சிறிது நேரம்தான் உயிரோடு இருக்கும். அவற்றுக்காகக் கணினியின் அமைப்புகளில் கை வைக்க வேண்டியதில்லை. புதிய லிங்க் கேட்டு வாங்கினால் போதும்.

நடுவில்தான் பழுது என்று தெரிந்துவிட்டால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், எதை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டீஃபால்ட் ஆப்ஸைத் திறக்க வேண்டும். விண்டோஸ் 10இல் வெப் பிரவுசர் என்ற இடத்தில் விரும்பியதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. 2021இல் விண்டோஸ் 11 வந்த புதிதில் ஒவ்வொரு வகை லிங்குக்கும் கோப்புக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது. பலரை அது வதைத்தது. 2022இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, பிரவுசரின் பெயரை அழுத்தினால் மேலேயே செட் டீஃபால்ட் பட்டன் இருக்கிறது. அதை அழுத்திய பிறகும் கீழே உள்ள பட்டியலில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், எச்டிஎம், எச்டிஎம்எல் நான்குக்கும் நேரே அதே பிரவுசர் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே குரோம்தான் தேர்வாகியிருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை என்றால், ஒருமுறை எட்ஜுக்கு மாற்றிவிட்டு மறுபடி குரோமுக்கே மாற்றுங்கள். பதிவு புதிதாக எழுதப்படும். பிறகு அவுட்லுக்கை மூடித் திறக்க வேண்டும். இதற்கும் அசையாத கணினியில் ரெஜிஸ்ட்ரியை, அதாவது மேலே சொன்ன விண்டோஸ் பதிவேட்டை, நேரடியாகத் திருத்த வேண்டிவரும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

லிங்க் திறக்கிறது, ஆனால் குரோமில் திறக்காமல் எட்ஜில் திறக்கிறது என்பவர்களுக்கு வேறு இடம். 2023இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த மாற்றம் அது. அவுட்லுக்கின் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில், லிங்குகளை எதில் திறப்பது என்ற தேர்வு இருக்கிறது. அதை உங்கள் டீஃபால்ட் பிரவுசருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஜங்க் பெட்டியில் விழுந்த மெயிலில் லிங்க் வேலை செய்யாதது பழுதே அல்ல. சந்தேகத்துக்குரிய மெயில் என்பதால் அவுட்லுக்கே வேண்டுமென்று அதை முடக்கி வைக்கிறது. லிங்க் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே மெயிலை இன்பாக்ஸுக்கு இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கி, வருமான வரி, ஜிஎஸ்டி என்ற பெயரில் வந்ததாக இருந்தால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையான நோட்டீஸ் என்றால் உங்கள் கணக்கிலும் இருக்கும்.

இனி அந்த வைத்தியத்துக்கு வருகிறேன். பிழைச் செய்தியை அப்படியே தேடுபொறியில் போட்டால் நல்ல விளக்கங்களும் வரும், ஒரே கிளிக்கில் சரிசெய்வதாகச் சொல்லும் மென்பொருள்களும் வரும். மேலே சொன்ன எதற்கும் தனி மென்பொருள் தேவையில்லை. 2024 முதல் பரவிவரும் இன்னொரு மோசடி இதைவிடக் கொடியது. பாதுகாப்பு வல்லுநர்கள் அதைக் கிளிக்ஃபிக்ஸ் என்கிறார்கள். பக்கம் சரியாகத் திறக்கவில்லை என்று ஒரு பெட்டி தோன்றும். சரிசெய்ய விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, ஒட்டி, என்டர் தட்டுங்கள் என்று படிப்படியாகச் சொல்லும். ஒட்டுவதற்கான கட்டளையை அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமலே நகலெடுத்து வைத்திருக்கும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் நிரலை உள்ளே கொண்டுவருவது அந்தக் கட்டளைதான். அதை இயக்குவது நம் கை என்பதால், வைரஸ் தடுப்பு மென்பொருளையும் அது சில நேரம் ஏமாற்றிவிடுகிறது. எந்த நேர்மையான இணையப் பக்கமும் உங்களை இப்படி ஒட்டச் சொல்லாது.

ஏற்கெனவே ஒட்டியிருந்தால், உடனே அந்தக் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலோ போனிலோ மாற்றுங்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல்தான் முதலில். வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தாமதிக்காமல் அழையுங்கள். அவமானமாக நினைத்து இரண்டு நாள் மறைத்து வைப்பவர்கள் உண்டு. அந்த இரண்டு நாளில் பணம் பல கணக்குகளைத் தாண்டிவிடும். தொலைவிலிருந்து உங்கள் திரையைப் பார்த்துச் சரிசெய்து தருகிறேன் என்று முன்பின் தெரியாதவர் யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

அலுவலகக் கணினியில் ஒரு பிரவுசரை நீக்கப்போகிறீர்கள் என்றால், முதலில் வேறொன்றை டீஃபால்ட்டாக வைத்து, ஒரு மெயில் லிங்கை அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகு நீக்குங்கள். பழுது பார்ப்பவரை அழைப்பதாக இருந்தால், பிழைச் செய்தியைப் போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, கடைசியாக எந்த மென்பொருளைப் போட்டீர்கள், எதை நீக்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.