பவர் ஸ்டீயரிங் கேட்கும் முன் பானட்டைத் திறந்து பாருங்கள்

"தோள்பட்டையே போச்சுண்ணே, பவர் ஸ்டீயரிங் போட்டுக் கொடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் போடியிலிருந்து என் பட்டறைக்கு வந்தார். ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப். பின்பக்கத்தை வெட்டி பிக்கப் தொட்டி வைத்திருந்தார்கள். கைமாறி வாங்கி எட்டு மாதம். ஆர்.சி. புத்தகத்தில் 1972, பெட்ரோல் என்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் கேட்டதோ டீசல் சத்தம்.

"என்ன எஞ்சின் தம்பி?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விற்றவரும் சொல்லவில்லை. பழைய ஜீப்பில் இது சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் எஞ்சின் எது என்று தெரியாமல் ஸ்டீயரிங்கில் கை வைக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சி.ஜே.3பி-க்குக் கம்பெனி வைத்தது ஹரிக்கேன் என்ற நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 2,199 சிசி. இன்லெட் வால்வு ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இருக்கும். அந்த எஞ்சின் உயரம் என்பதால்தான் இந்த ஜீப்புக்கு பானட்டே உயரமாக வந்தது. எஞ்சின் எண்ணை பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்புக்குப் பக்கத்து மேட்டில் அடித்திருப்பார்கள். இந்த வண்டியில் அந்த மேடே இல்லை. டீசல் பம்பிலிருந்து நாலு குழாய்களும் வரிசையாக மேலே ஏறின. மேல் மூடியைக் கழற்றினால், வால்வைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் ஹெட்டிலேயே, செயினில் சுற்றியது. மெர்சிடிஸ் வழிவந்த ஓ.எம்.616, 2,399 சிசி. மேட்டடோர் வேனில் ஓடிய அதே எஞ்சின். ஜீப்புகளில் அடிக்கடி பார்க்கும் பெஷோ எக்ஸ்.டி.பி. என்றால் 2,112 சிசி. அதில் கேம் பிளாக்குக்குள் இருக்கும், புஷ் ராடு வால்வைத் தள்ளும். பெயின்ட்டையும் ஒட்டிய தகட்டையும் நம்பாதீர்கள். எண் அடித்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். எண்ணை அழிக்க கிரைண்டர் வைத்த தடம் தெரிந்தால் நான் அந்த வண்டியைத் தொடுவதில்லை.

சரி, ஸ்டீயரிங்குக்கு வருவோம். பெட்ரோல் எஞ்சினுக்கென்று கணக்குப் போட்ட முன்பட்டாவின் (ஸ்பிரிங் தகடுகளின்) மேல் கனமான டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. பட்டா படுத்துவிட்டது. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்கில் கிரீஸ் ஏறிப் பல வருடம் ஆகியிருந்தது. காஸ்டர், அதாவது அந்த அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், 3 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 1 டிகிரிகூட இல்லை; இறக்கத்தில் வண்டி அலைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதன் மேல் பவர் ஸ்டீயரிங் போட்டால் கைக்குச் சுகமாக இருக்கும், கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனையில் (டை ராடு எண்டில்) உள்ள ஆட்டம் கைக்குத் தெரியாமல் போவதுதான் ரொம்ப ஆபத்து.

முதலில் பட்டாவை மாற்றினோம், கிங் பின்னுக்கு பேரிங் போட்டு ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தோம், ஆப்பு வைத்து காஸ்டரைச் சரிசெய்தோம். அதிலேயே ஸ்டீயரிங்கின் பாதி கனம் குறைந்தது. அப்புறம்தான் பவர் ஸ்டீயரிங் பாக்ஸ்.

பாக்ஸ் உட்காரும் சேசிஸ் பகுதியைச் சுரண்டிப் பார்த்தபோது போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. பவர் பாக்ஸ் தள்ளும் வேகத்துக்கு அது சீக்கிரமே கிழிந்திருக்கும். விரிசலைப் பற்றவைத்து, மேலே தகடு கொடுத்து, போல்ட்டை இறுக்கும்போது சேசிஸ் நசுங்காமலிருக்க உள்ளே குழாய் வைத்தோம். ஸ்டீயரிங் ஷாஃப்டை வெட்டி வெல்டு வைத்து நீட்டுவதை எந்தப் பட்டறையிலும் அனுமதிக்காதீர்கள். பல் வைத்த யுனிவர்சல் ஜாயின்ட் தான் சரி. ஸ்டீயரிங் ஆர்மைச் சூடு காட்டி வளைப்பதும் கூடாது. அந்த இரும்பின் பதம் போய்விடும்.

பம்பு 70 முதல் 100 பார் வரை அழுத்தும். கிளிப் போட்ட ரப்பர் ஹோஸ் இதற்குத் தாங்காது. முனையை மெஷினில் அழுத்திப் பூட்டிய (கிரிம்ப் செய்த) ஹோஸை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கிக் கொண்டு போக வேண்டும். சூடான மேனிஃபோல்டில் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கும். கழிவுச் சந்தையில் சின்னக் கார்களின் மின் ஸ்டீயரிங் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். வேக சிக்னல் கிடைக்காவிட்டால் அதன் கன்ட்ரோலர் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதி செய்யாமல் மலைப்பாதைக்கு அதை நான் கொடுக்கமாட்டேன்.

அடுத்தது காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், மாற்றியதை 14 நாளுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். கம்பெனி தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. பெட்ரோல் என்று பதிந்த வண்டியில் டீசல் எஞ்சின் இருந்தால், விபத்து நடந்த நாளில் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வாங்கும்போதே ஆர்.சி.யையும் எஞ்சின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, முன் டயரை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை அணைத்து வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஸ்டீயரிங்கை இருபது முறை திருப்பி எண்ணெயிலிருந்த காற்றை எடுத்தோம். ஸ்டீயரிங் எண்ணெய்த் தொட்டியில் நுரை அடங்கிய பிறகுதான் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். வண்டியைக் கொடுத்தபோது பில்லோடு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட எஞ்சின் எண்ணின் போட்டோவையும் தம்பியின் கையில் வைத்தேன்.