ஃபியூஸ் லைட்டுக்கு அல்ல, வயருக்கு

மறுபடியும் ஒரு கேரவன் கருகி வந்திருக்கிறது. பக்கவாட்டு ஷீட்டுக்குப் பின்னால் தெர்மோகோல் உருகி, பிளைவுட் கரியாகிவிட்டது. உள்ளே தூங்கியவர் வாடை பட்டு எழுந்ததால் பிழைத்தார். வெளிப்பக்கம் அழகுக்காக ஒட்டிய எல்இடி ஸ்ட்ரிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு சப்ளை கொடுத்தால் இப்போதும் எரிகிறது. எரிந்தது அதற்குப் போன வயர்.

"எல்இடி கரண்டே இழுக்காதே சார், அதுக்கு எதுக்கு ஃபியூஸ்?" வண்டி உரிமையாளர், டிரைவர், கடைப் பையன் எல்லோரிடமும் இதே கேள்வி. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

முதலில், இழுக்கும். மீட்டருக்கு 60 சிப் உள்ள 5050 ரக ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட். 5 மீட்டர் ரோல் 72 வாட், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். இரண்டு பக்கமும் ஒட்டினால் 12 ஆம்பியர்.

சரி, அரை ஆம்பியர்தான் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஃபியூஸ் வேண்டும். வயர் நன்றாக இருக்கும்வரைதான் எவ்வளவு கரண்ட் போவது என்பதை ஸ்ட்ரிப் தீர்மானிக்கும். ஷீட்டில் ஓட்டை போட்டு, கிரம்மெட் (ஓட்டை விளிம்பை மூடும் ரப்பர் வளையம்) இல்லாமல் வயரை நுழைத்திருக்கிறீர்கள். வண்டி அதிர அதிர, ஷீட் விளிம்பு இன்சுலேஷனை அறுக்கிறது. ஒருநாள் உள்ளே இருக்கும் செம்பு, பேட்டரி மைனஸோடு இணைந்த வண்டி பாடியில் தொடுகிறது. அந்த நொடியில் ஸ்ட்ரிப்புக்கு இதில் வேலையே இல்லை. டீசல் இன்ஜினைச் சுழற்றும் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த மெல்லிய வயரில் தள்ளும். அதை நிறுத்த ஃபியூஸைத் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை.

அதனால்தான் வயரின் தடிமனைப் பார்த்து ஃபியூஸ் போடுகிறோம். 1 சதுர மி.மீ. வயருக்கு 10 ஆம்பியர். 12 ஆம்பியர் லோடுக்கு 2.5 சதுர மி.மீ. வயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும். அதுவும் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள். டேஷ்போர்டு சுவிட்சுக்குப் பக்கத்தில் போட்டால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குக் காவல் இல்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று செம்புக் கம்பி சுற்றி வைக்காதீர்கள். உள்ளே ஆள் தூங்கும் வண்டி அது.

24 வோல்ட் வண்டியில் இன்னொரு கொடுமை. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துவிடுகிறார்கள். அந்த பேட்டரி சார்ஜ் குறைந்தே கிடக்கும், மற்றது ஓவர் சார்ஜ் ஆகும், சீக்கிரமே இரண்டும் போகும். பிறகு பேட்டரி கம்பெனியைத் திட்டுவார்கள். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். 12 வோல்ட் வண்டியிலும் இன்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் அப்போது கரண்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், சிப் ஒவ்வொன்றாகக் கருகும். நடுவில் 12 வோல்ட்டைத் தாண்ட விடாத ரெகுலேட்டர் வைத்து, ஸ்ட்ரிப்பை அலுமினியச் சேனலில் ஒட்டினால் சூடு இறங்கும்.

வாட்டர்ப்ரூஃப் என்று வாங்கிய ஸ்ட்ரிப்பும் வெட்டிய முனையில் வாட்டர்ப்ரூஃப் இல்லை. முனையை நியூட்ரல் சிலிகானால் அடையுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், செம்பை அரித்துவிடும்.

நிறமும் உங்கள் இஷ்டமில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-ஆம் விதி முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது என்கிறது. இருட்டில் எதிரே வருபவர் உங்கள் வண்டி வருகிறதா போகிறதா என்று குழம்பினால் என்ன ஆகும்? வண்டியை நிறுத்தியிருக்கும்போது மட்டும் ஸ்ட்ரிப்பை எரிய விடுங்கள். சப்ளையை இன்ஜின் பேட்டரியிலிருந்து எடுக்காமல், தங்கும் பகுதிக்கென்று இருக்கும் தனி பேட்டரியிலிருந்து எடுங்கள், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்க வேண்டாம்.

ஏற்கெனவே ஒட்டியிருக்கிறீர்களா? இன்றைக்கே பேட்டரிப் பெட்டியைத் திறந்து, ஸ்ட்ரிப்புக்குப் போகும் சிவப்பு வயரைத் தடவிப் பாருங்கள். ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இல்லையென்றால், தயவுசெய்து அந்த வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றிவிட்டு அப்புறம் தூங்குங்கள்.