பதினெட்டு வயதானால் தாபரிப்புப் பணம் நின்றுவிடுமா?

"பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டது. இனி அப்பா பணம் தரத் தேவையில்லை என்கிறார்கள், உண்மையா?" தாபரிப்பு (பிள்ளையின் வாழ்க்கைச் செலவுக்குப் பெற்றோர் கட்டும் பணம்) வழக்குக்காக என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான். கேட்பவர் அநேகமாக அம்மாயியாக, அதாவது தாயின் தாயாக இருப்பார். தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில் இருப்பார். தகப்பன் கொழும்பில் ஏதோ ஒரு கடையில், சில வேளை இன்னொரு குடும்பத்தோடு. பிள்ளை ஹற்றனிலோ கண்டியிலோ போர்டிங்கில் தங்கி உயர்தரம் படிக்கும்.

உண்மை இல்லை. இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்து 25 வயதை எட்டாத பிள்ளையும் தன்னைத் தானே பராமரிக்க முடியாத நிலையில் இருந்தால், போதிய வசதி உள்ள பெற்றோரிடம் தாபரிப்புக் கேட்கலாம். பெற்றோர் என்றால் தகப்பன் மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தாயின் வருமானமும் கணக்கில் வரும். வெளிநாட்டில் உழைக்கும் தாய்மார் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இந்தத் தவறான எண்ணம் வந்த வழி எனக்குப் புரிகிறது. பிள்ளை சிறுவயதாக இருக்கும்போது தாயோ அம்மாயியோ வழக்குப் போட்டுக் கட்டளை பெறுகிறார்கள். 18 ஆனதும் தகப்பன் கட்டுவதை நிறுத்துகிறார். எல்லோரும் அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வயதிலிருந்து பிள்ளை தன் சொந்தப் பெயரிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் விடயம். உயர்தரப் பரீட்சை எழுதும் வயதே 18, 19 தான். வகுப்புக் கட்டணமும் போர்டிங் செலவும் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பணம் நின்றுபோனால், நின்றுபோவது படிப்புத்தான்.

மலையகத்தில் ஏன் இத்தனை பிள்ளைகள் வீட்டை விட்டுப் போய்ப் படிக்கிறார்கள் என்று வெளி மாவட்டத்தார் கேட்பதுண்டு. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் சாதாரண தரத்தோடு வகுப்பு முடிந்துவிடும். உயர்தரம் இருந்தாலும் கலைப்பிரிவு மட்டும் இருக்கும். விஞ்ஞானமோ கணிதமோ படிக்க நினைக்கும் பிள்ளை நகரத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே "என்னோடு வந்து இருக்கட்டும், சோறு போடுகிறேன், போர்டிங் எதற்கு?" என்று தகப்பன் வாதிடும்போது, அந்த வீட்டுக்கு அருகில் பிள்ளையின் பாடப்பிரிவு இருக்கிறதா என்பதை நாம் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். அதிபரின் கடிதம் ஒன்று போதும்.

தொகை பற்றிப் பேசுவோம். பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் நீதவான் சேர்த்துப் பார்ப்பார். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அந்த ஆண்டுக் கணக்கில், மாதம் 25 நாள் பெயர் விழுந்தால் (வேலை நாளாகப் பதிந்தால்) 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் கையில் 31,050. தோட்டக் கடனும் சங்கச் சந்தாவும் இன்னும் கழியவில்லை. அந்தச் சம்பளக்காரரிடம் மாதம் 25,000 கேட்டு வழக்குத் தாக்கல் செய்வது கேலிக்கூத்து. கட்டக்கூடிய தொகையைக் கேளுங்கள் என்று நான் சொன்னால் அம்மாயிமாருக்குக் கோபம் வருகிறது. ஆனால் கட்ட முடியாத கட்டளை காகிதத்தில்தான் இருக்கும். நிலையான சம்பளம் வாங்கும் தகப்பன் என்றால் நிலைமை வேறு. கட்டளையை மீறுபவரின் சம்பளத்தில் இருந்தே கழிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். தொடர்ந்து மீறினால் சிறையும் உண்டு.

எனக்கு அதிக தலைவலி தருவது சட்டம் அல்ல, பிறப்புச் சான்றிதழ். சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு விதமாக, அடையாள அட்டையில் வேறு விதமாக. சிங்களத்தில் எழுதும்போது ஓரெழுத்து மாறியிருக்கும். அல்லது தாத்தாவின் பெயர் தகப்பன் இடத்தில் ஏறியிருக்கும். சில சான்றிதழ்களில் தகப்பன் பெயருக்கான இடமே வெறுமையாக இருக்கும். திருமணம் பதியப்படாவிட்டாலும் பிள்ளைக்குத் தாபரிப்பு உரிமை உண்டு, ஆனால் தகப்பன் மறுத்தால் அவர்தான் தகப்பன் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும்; மரபணுப் பரிசோதனை வரை போகும். பெயர்த் திருத்தம் தேவைப்பட்டால் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். அவசரத்தில் நடக்கிற காரியம் இல்லை அது.

அடுத்தது, சமாதான நீதவானின் முத்திரை. இவர் ஆவணங்களை உறுதிப்படுத்துபவர், நீதிமன்ற நீதவான் அல்ல. "மாதம் பத்தாயிரம் தருவேன்" என்று தகப்பன் எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி வாங்கிய தாள்களைப் பத்திரமாகப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டு வருகிறார்கள். அது நல்ல சாட்சி, மறுக்கவில்லை. ஆனால் அவர் தராமல் விட்டால் அந்தத் தாளைக் கொண்டு நீதிமன்றக் கட்டளையைப் போல் பணம் அறவிட முடியாது. பேசி முடித்த தொகையாக இருந்தாலும் நீதவான் முன் அதைக் கட்டளையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்பாவைக் கூண்டில் ஏற்றுவதா என்று பிள்ளைகள் தயங்குவது இயல்பு. இதில் தகப்பன் குற்றவாளி அல்ல. முதல் வழக்குத் தவணைகளிலேயே இணக்கத்துக்கு வந்துவிடும் வழக்குகள் நிறைய.

பணம் வரும் வழியும் முக்கியம். பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியது, சந்திக் கடைக்காரரிடம் வைத்துவிட்டுப் போனது, இவற்றுக்கு எந்தக் கணக்கும் இல்லை. ஒழுங்காகக் கொடுத்த தகப்பனும் இதனால் மாட்டிக்கொள்கிறார். பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே போடச் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தாயின் பணமும் அப்படித்தான். மாமாவின் கணக்குக்கு வந்தால் வீட்டுக் கூரைக்கும் ஆட்டோவின் தவணைக்கும் போன பிறகு மிஞ்சுவதே படிப்புக்கு வருகிறது. குடும்பத்துக்குள் இதைச் சொன்னால் மனஸ்தாபம் வரும், வரட்டும்.

பல்கலைக்கழகம் போனால் மகாபொல உதவித்தொகை கிடைக்குமே என்பார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறை வாடகைக்கே அது காணாது. உதவித்தொகை வாங்குகிற காரணத்தால் பெற்றோரின் கடமை தீர்ந்ததாகவும் ஆகாது.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்கு நடத்துவார்கள். பெரும்பாலும் ஆவணங்கள் சிங்களத்தில் எழுதப்படும். தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகே சத்தியக் கடதாசியில் கையெழுத்திடுங்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்புக் கேட்பதும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அதிபரின் கடிதம், போர்டிங் பற்றுச்சீட்டு, வகுப்புக் கட்டண அட்டை, இவற்றோடு வாருங்கள். பரீட்சை முடிந்த பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போட வேண்டாம். காரணம் குறிப்பிட்டு நீதவான் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, தாபரிப்பு விண்ணப்பித்த நாளில் இருந்தே கணக்கிடப்படும். அதற்கு முந்திய மாதங்களின் போர்டிங் காசை இந்தக் கட்டளை திருப்பித் தராது.